கதவில் ஒட்டிய சீட்டு: ஸ்டுட்கார்ட்டில் ஞாயிறு காலை கிரைண்டர் போட்டது இவ்வளவு பெரிய தப்பா?

கோவைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. எட்டு வீடுகள் உள்ள பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம்.

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு இட்லி மாவுக்குக் கிரைண்டர் போட்டேன். ஊரிலிருந்து புடவையில் சுற்றி எடுத்து வந்த இரண்டு லிட்டர் கிரைண்டர். முக்கால் மணி நேரம் ஓடியது. திங்கள் காலை கதவைத் திறந்தால் கைப்பிடிக்கு மேலே ஒரு சீட்டு. நீல மையில் அழகான கையெழுத்து. ஃபோனில் மொழிபெயர்த்துப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், இயந்திரம் ஓட்ட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: "கேர்வோஹே பலகை இரண்டு வாரமாக உங்கள் கதவில்தான் இருக்கிறது." கடைசியில் "நட்பான வணக்கங்களுடன், இரண்டாவது மாடி."

துடைப்பம் படம் போட்ட ஒரு சின்ன மரப்பலகை எங்கள் கதவில் தொங்குவது உண்மைதான். வீட்டோடு வந்த அலங்காரப் பொருள் என்று நினைத்துவிட்டேன்.

கண்டுகொள்ளாதே என்கிறார் கணவர். என்னால் முடியவில்லை. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அவர்கள் போகும்வரை நான் வெளியே போவதில்லை. யாரோ நம்மை வெறுக்கிறார்கள் என்ற நினைப்போடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது? நான் என்ன செய்ய வேண்டும்? தெரியாமல் வேறு என்னென்ன தப்பு செய்துகொண்டிருக்கிறேனோ, அதையும் சொல்லுங்கள்.

நெக்கர்_கரை எழுதியது:

முதலில் ஒன்று. அந்தச் சீட்டில் வெறுப்பு இல்லை. பத்து வருடமாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். எனக்கும் இப்படி மூன்று சீட்டு வந்திருக்கிறது, அதில் இரண்டு நியாயமானவை. "நட்பான வணக்கங்களுடன்" என்று முடித்து, எந்த மாடி என்றும் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். பெயர் தெரியாமல் ஒட்டிவிட்டுப் போகிறவர் அப்படி எழுத மாட்டார்.

ஞாயிறு விஷயத்தை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் பிடிபடாது. இங்கே ஞாயிறு ஓய்வு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் 1919 வைமார் அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவு ஞாயிறையும் விடுமுறை நாட்களையும் ஓய்வு நாளாகப் பாதுகாத்தது; இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் 140-ஆம் பிரிவு வழியாக அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கடைகள் மூடியிருப்பதும் அதனால்தான். துளை போடுவது, சுத்தியல் அடிப்பது, புல் வெட்டுவது எல்லாம் அன்று கூடாது. தெருமுனையில் பழைய கண்ணாடிப் பாட்டில் சேர்க்கும் பெட்டியில் பாட்டில் போடுவதுகூட ஞாயிறு வேண்டாம், அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி. பல கட்டடங்களின் ஹவுஸ்ஓர்ட்னுங்கில், அதாவது வீட்டு விதித் தாளில், மதியம் 1 முதல் 3 வரையும் போட்டிருப்பார்கள். உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு அந்தத் தாள் இருக்கும். இன்றே எடுத்துப் படியுங்கள். சட்டத்தைவிட அன்றாடம் உதவப்போவது அதுதான்.

இனி கிரைண்டர். பழைய கட்டடங்களில் தளத்துக்கு அடியில் மரச்சட்டங்கள் இருக்கும். கல் சுற்றும்போது வரும் அதிர்வு அந்த மரத்தின் வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். உங்கள் சமையலறையில் லேசான உறுமலாகக் கேட்பது, அவர்கள் படுக்கையறையில் சுவரே முனகுவது மாதிரி இருக்கும். நான் ஒருமுறை என் கிரைண்டரை ஓடவிட்டுவிட்டுக் கீழ்வீட்டில் போய் நின்று பார்த்தேன். அங்கே மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. அதற்குப் பிறகு யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீர்வு சுலபம். வாஷிங் மெஷினுக்கு அடியில் போடும் தடித்த ரப்பர் பாய் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அதன்மேல் நான்காய் மடித்த துண்டு, அதன்மேல் கிரைண்டர். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு மேல் போடுங்கள். ஞாயிறு இட்லிக்கு மாவு சரியாகப் பொங்கியிருக்கும்.

திருச்சி_டூ_உல்ம் எழுதியது:

எனக்குச் சீட்டு இல்லை, நேராகவே வந்துவிட்டார். ஞாயிறு பதினொரு மணிக்குச் சாமிப் படம் மாட்டச் சுவரில் துளை போட்டேன். இரண்டு நிமிடத்தில் மணி அடித்தது. மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் மாலை அவரே தன் டிரில் மெஷினோடு வந்து, இந்தச் சுவருக்கு இந்த ஊசிதான் போட வேண்டும் என்று சொல்லி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை என் பார்சல்களை எல்லாம் அவர்தான் வாங்கி வைக்கிறார்.

யாழ்_ஹம் எழுதியது:

பிள்ளை, நான் ஜெர்மனிக்கு வந்தது 1986-இல். அப்போது எங்களுக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. அகதி விடுதியில் ஒரு அறையில் ஆறு பேர். இரவு பதினொரு மணிக்குச் சத்தமாகக் கதைப்போம், ஊரில் திண்ணையில் இருந்து கதைத்த பழக்கம். பக்கத்துக் கட்டடத்துச் சனம் பொலிசைக் கூப்பிட்டது. எங்கள் நாட்டில் பொலிஸ் வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த பெடியள் நாங்கள். பயத்தில் இரண்டு பேர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். வந்த பொலிஸ்காரர் மெதுவாகக் கைக்கடிகாரத்தைக் காட்டி, பத்து மணி என்று விரலால் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு விளங்கியது, இங்கே ஒரு குறையைச் சொல்வது வேறு, ஒருவரை வெறுப்பது வேறு. எங்கள் பக்கம் குறை சொன்னால் உறவு முறிந்தது என்று அர்த்தம். மனத்தில் வைத்துக்கொண்டு சிரிப்போம். இவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நாள் வணக்கம் சொல்வார்கள்.

நீங்கள் இருக்கிற சுவாபியப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. திட்டாமல் விட்டதே போதுமான பாராட்டு என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்ட சனத்திடம் இனிப்பான சொல்லை எதிர்பார்க்கக் கூடாது.

எங்கள் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் கதையும் இதுதான். 1989-இல் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கியது. திருவிழாவுக்குச் சனம் பெருகப் பெருக, வீதியில் வாகனம் நிறுத்த இடமில்லை, சத்தம், நெரிசல். அக்கம்பக்கத்தார் குறை சொன்னார்கள். கோபப்பட்டவர்கள் எங்களிலும் இருந்தார்கள். கடைசியில் நகரத்தோடு பேசி ஊன்ட்ரொப் தொழிற்பேட்டைப் பக்கம் இடம் எடுத்து, கோபுரத்தோடு கட்டி, 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. இப்போது தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வருகுது, பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம் நடக்குது, ஜெர்மன்காரரும் பிள்ளைகளோடு வந்து தேர் பார்க்கிறார்கள். குறை சொன்ன நாளில் கதவைச் சாத்தியிருந்தால் அந்தக் கோபுரம் எழும்பியிராது.

ஆகவே பிள்ளை, ஒளிந்து நிற்காதே. போய் மணி அடி. பெயரைச் சொல்லு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லு. ஜெர்மன் பிழையாக வந்தாலும் பரவாயில்லை.

மன்ஹைம்_வாசி எழுதியது:

எல்லோரும் சீட்டு ஒட்டியவர்களுக்கே வக்காலத்து வாங்குகிறீர்கள். மறுபக்கத்தையும் சொல்கிறேன். என் கதவில் வந்த சீட்டு சத்தத்தைப் பற்றியது இல்லை. "உங்கள் சாப்பாடு நாறுகிறது, உங்கள் நாட்டில் போய்ச் சமையுங்கள்" என்று இருந்தது. கையெழுத்து கிடையாது. நாங்கள் என்ன சமைத்தோம்? வெங்காயச் சாம்பார். ஒரு வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாளித்தோம். என் மனைவி மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள். நானும் அமைதியாக, மரியாதையாகத்தான் இருந்தேன். கீழே போய்ப் பேசினேன், கதவைத் திறக்கவே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் "எல்லாமே நம் தப்புதான், போய் மன்னிப்புக் கேள்" என்று சொல்லிக்கொடுத்தால், நிஜமாகவே அவமானப்படுத்தப்படும்போதும் அவர்கள் மன்னிப்புத்தான் கேட்பார்கள்.

வாடகை_வீடு எழுதியது:

மன்ஹைம் நண்பர் சொல்வதைத் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. நான் எங்கள் ஊர் மீட்டர்ஃபெரைனில், அதாவது வாடகைதாரர் சங்கத்தில், சில வருடமாக உறுப்பினர். நம் ஆட்கள் கொண்டுவரும் சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எது நியாயமான குறை, எது பகை என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. சீட்டில் நேரமும் செயலும் இருக்கிறதா, அல்லது நீங்கள் யார் என்பது மட்டும் இருக்கிறதா? "ஞாயிறு, எட்டு மணி, இயந்திரம்" என்றால் நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்கிறார்கள். "உங்கள் நாட்டில்" என்று தொடங்கினால் மாற்றிக்கொள்ள நம்மிடம் எதுவும் இல்லை.

வீட்டில் சமைப்பது வீட்டின் சாதாரணப் பயன்பாடு. தாளிப்பு வாசனைக்காக யாரும் உங்களைச் சமைக்காதே என்று சொல்ல முடியாது. ஆனால் படிக்கட்டுப் பக்கம் கதவைத் திறந்து வைத்துப் புகையை வெளியேற்றாதீர்கள், ஜன்னலைத் திறங்கள். அது ஒரு நாகரிகம், அவ்வளவே. மிளகாய் வறுப்பதும் சாம்பிராணி போடுவதும் புகை எச்சரிக்கைக் கருவிக்குத் தூரமாக இருக்கட்டும். எல்லா மாநிலங்களிலும் வீட்டில் அந்தக் கருவி கட்டாயம்.

கையெழுத்தில்லாத, இனத்தைச் சொல்லித் திட்டும் சீட்டு வந்தால் கிழித்துப் போடாதீர்கள். தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள், வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். 2006-இல் வந்த எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் சட்டம் வாடகை வீட்டுக்கும் பொருந்தும். மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் கட்டணமில்லாமல் ஆலோசனை தருகிறது. சங்கத்திலும் வருடச் சந்தா கட்டினால் கடிதம் எழுத உதவுவார்கள். மன்ஹைம் நண்பரே, உங்கள் மனைவியை மீன் வாங்கச் சொல்லுங்கள்.

கோவைக்காரி எழுதியது:

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. என் சீட்டில் நேரமும் செயலும் மட்டும்தான் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்று யாராவது சொல்லுங்களேன்.

நெக்கர்_கரை எழுதியது:

கேர்வோஹே என்றால் பெருக்கும் வாரம். இது இந்தச் சுவாபியப் பகுதிக்கே உரியது. 1492-இலேயே ஸ்டுட்கார்ட்டில், அவரவர் எருவையும் குப்பையையும் வாரம்தோறும் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஆணை போட்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் வளர்ந்து வந்து நிற்கும் இடம்தான் உங்கள் கதவில் தொங்கும் பலகை.

இரண்டு வகை உண்டு. சின்னது: உங்கள் மாடியிலிருந்து அடுத்த மாடி வரைக்குமான படிகள், கைப்பிடி, ஜன்னல் விளிம்பு. பெரியது: வாசல், நடைபாதை, நிலவறைப் படி, குப்பைத்தொட்டி இருக்கும் இடம், குளிர்காலத்தில் பனி அள்ளுவது. எந்த வாரம் எது என்பது கீழே அறிவிப்புப் பலகையில் இருக்கும். வேலை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். அது உங்கள் கதவிலேயே இருந்தால், முறை இன்னும் முடியவில்லை என்று மொத்தக் கட்டடமும் காத்திருக்கும்.

சனிக்கிழமைக்குள் செய்யுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் மேலிருந்து கீழே பெருக்கி, பிறகு ஈரத் துணி. படி ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். நான் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர், எண்பது வயது, முழங்கால் வலியோடு என் முறையைச் செய்துகொண்டிருந்தார். குனிந்து ஒவ்வொரு படியின் மூலையையும் விரலில் துணி சுற்றித் துடைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாளியை நான் வாங்கிக்கொண்டேன். அன்று நான் பட்ட வெட்கத்தைச் சொல்லி முடியாது.

படிக்கட்டில் செருப்பு, குழந்தை வண்டி, சைக்கிள் எதுவும் வழியை மறிக்கக்கூடாது. தீ பிடித்தால் ஓடும் வழி அது. வாசலில் கோலம் போட ஆசை இருந்தால் கதவுக்கு உள்பக்கம் போடுங்கள்.

திருச்சி_டூ_உல்ம் எழுதியது:

வேலை இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்னை அதிகம் உலுக்கியது அங்கேதான். என் குழுத் தலைவர் வியாழனுக்குள் அறிக்கை முடியுமா என்று கேட்டார். நான் தலையை நம் பாணியில் பக்கவாட்டில் ஆட்டி, "சரி, பார்க்கலாம், முயற்சி செய்கிறேன்" என்றேன். நம் ஊரில் இதைக் கேட்டவர் உடனே புரிந்துகொள்வார், முடியாது போல, இன்னும் இரண்டு நாள் கொடுப்போம் என்று. அவர் காதில் விழுந்தது "சரி" மட்டும். வியாழன் காலை வாடிக்கையாளரோடு கூட்டம் வைத்துவிட்டார். என்னிடம் பாதி அறிக்கைதான் இருந்தது. அவர் கத்தவில்லை. கூட்டம் முடிந்து, "திங்கள்கிழமையே முடியாது என்று சொல்லியிருந்தால் உனக்கு உதவியிருப்பேனே, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். உண்மையிலேயே காயப்பட்டிருந்தார். மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவன் நான். அவர் கணக்கில் சொல்லாமல் விட்டதுதான் மரியாதைக் குறைவு. இப்போது "வியாழன் முடியாது, திங்கள் முடியும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிவிட்டேன்.

பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லாதீர்கள், துரதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள். சனிக்கிழமை பிறந்தநாள் என்றால் திங்களன்று சொல்லலாம். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல், ஒருவரும் கேக் வெட்டவில்லையே என்று அன்று முழுக்க மனம் வாடிய நண்பர் எனக்கு உண்டு.

பெர்லின்_அம்மா எழுதியது:

கோவைக்காரி, குழந்தை இருந்தால் ஒன்று. பிறந்தநாள் விழாவில் மற்றக் குழந்தைகளோடு எடுத்த படத்தை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். தன் உருவப்படத்தின் மேல் ஒருவருக்கு உள்ள உரிமை இங்கே 1907-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் ஆசையாகப் போட்ட ஒரு படத்தால் என் மகளின் நெருங்கிய தோழியின் அம்மா ஒரு மாதம் பேசவில்லை. நேரில் போய், படத்தை அவர் கண்முன்னே அழித்த பிறகுதான் சரியானது.

குழந்தை ஓடும் சத்தத்துக்காக மட்டும் ரொம்பப் பயப்படாதீர்கள். விளையாட்டுத் திடல், மழலையர் காப்பகச் சத்தத்தை 2011-இலிருந்து சட்டமே தொல்லையாகக் கருதுவதில்லை. வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தையிடமும் பொதுவாகப் பொறுமை காட்டச் சொல்கிறார்கள். கம்பளம் போட்டால் போதும்.

மற்றபடி: படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும், தெரியாதவராக இருந்தாலும், வணக்கம் சொல்லுங்கள், உங்கள் பக்கம் "க்ரூஸ் காட்" என்பார்கள். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதும் அப்படித்தான். பெரியவர்களை "ஸீ" என்று மரியாதையாகவே அழையுங்கள், "டூ" என்று சொல்லலாம் என்று அவர்களே சொல்லும்வரை. நம் நீங்கள், நீ மாதிரிதான். ஒரு வித்தியாசம், அவர்கள் "டூ"வைக் கைகுலுக்கிப் பரிசு மாதிரித் தருவார்கள். அழைப்புமணியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்து மாடி ஏற மாட்டார், பெயரைத்தான் தேடுவார். குளிர்காலத்திலும் தினம் இரண்டு முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் காற்று விடுங்கள். நாம் சோறு வடித்து, வீட்டுக்குள் துணி காயப்போட்டு ஜன்னலைச் சாத்தினால் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும், முன்பணத்தில் கை வைப்பார்கள்.

கோவைக்காரி எழுதியது:

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போனேன். ஹம் தாத்தா சொன்ன மாதிரியே. கையில் ஒரு டப்பாவில் கொஞ்சம் தேங்காய் பர்பி.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயது இருக்கும். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று வாக்கியத்தில் இரண்டு மறந்துவிட்டது. என் பெயரையும் "மூன்றாவது மாடி, இயந்திரம், மன்னியுங்கள்" என்பதையும் சொன்னேன். அவர் உள்ளே வரச் சொன்னார். செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டேன், அதுவே அவருக்குப் பிடித்துப்போனது.

அவர் மருத்துவமனையில் இரவுப் பணிச் செவிலியர். சனி இரவு வேலை முடித்து ஞாயிறு காலை ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறார். எட்டு மணிக்குத் தலைக்குமேல் என் கிரைண்டர். கட்டடத்தில் குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து நிலவறைவரை போய்ப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போதுகூட அவர் குரல் உயரவில்லை. என் அம்மாவும் இருபது வருடம் அரசு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தவர். பகலில் அவர் தூங்கும்போது நாங்கள் பாத்திரத்தைக்கூட மெதுவாக வைப்போம். அதை ஃபோனில் எழுதி மொழிபெயர்த்துக் காட்டினேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு என்ன இயந்திரம் அது, பார்க்கலாமா என்றார். மேலே கூட்டி வந்தேன். கல்லைத் தொட்டுப் பார்த்தார். அரிசியும் உளுந்தும் என்றதும், ஏன் இவ்வளவு நேரம் அரைக்க வேண்டும் என்று கேட்டார். வார்த்தை இல்லாததால் மாவை எடுத்துத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் காட்டினேன். அவர் பணி அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் வீட்டில் இல்லாத மாலைகள் எவை என்று. இப்போது அது என் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. ரப்பர் பாயும் வாங்கிவிட்டோம்.

படியைப் பெருக்கித் துடைத்தேன். மூலைகளை விரலில் துணி சுற்றி. பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். அட்டவணைப்படி அடுத்த மாதம் எங்களுக்குப் பெரிய கேர்வோஹே, அதற்குள் பனி விழும் என்கிறார்கள். காலை எத்தனை மணிக்கு அள்ள வேண்டும்? உப்பு வாங்கி வைக்கலாமா?

நெக்கர்_கரை எழுதியது:

வார நாட்களில் காலை 7 மணிக்குள் நடைபாதை நடக்கிற மாதிரி இருக்க வேண்டும், சனி, ஞாயிறு கொஞ்சம் தாமதமாகலாம். உப்பு வேண்டாம், மரத்துக்கும் நாய்களின் பாதத்துக்கும் கெடுதல் என்று இங்கே பொதுவாகத் தடை. பொடிச் சரளை வாங்குங்கள். பனி அள்ளும் மண்வெட்டி உங்கள் கட்டடத்து நிலவறையிலேயே இருக்கும், செவிலியரைக் கேளுங்கள்.

யாழ்_ஹம் எழுதியது:

கையுறை போட்டுக்கொண்டு அள்ளு பிள்ளை. அடுத்த தேருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஹம் பக்கம் வா.